போலீஸ் தலைவர் ஆலோசகராகும்போது: ஜெனரல் நரன்ஹோவை வைத்து ஓர் எளிய விளக்கம்

2012 ஜூன் 14. மெக்சிகோவில் அதிபர் தேர்தலுக்கு இன்னும் இரண்டரை வாரம்தான். கருத்துக்கணிப்புகளில் முன்னணியில் இருந்த என்ரிக்கே பெனியா நியெத்தோ ஓர் அறிவிப்பு வெளியிட்டார். தான் ஜெயித்தால் பொதுப் பாதுகாப்பு விஷயத்தில் தனக்கு வெளி ஆலோசகராக இருக்கப்போகிறவர் ஜெனரல் ஓஸ்கர் நரன்ஹோ என்றார். நரன்ஹோ மெக்சிகோக்காரர் அல்ல. கொலம்பியாவின் தேசியக் காவல்துறைத் தலைவர் பதவியிலிருந்து அப்போதுதான் இறங்கியிருந்தவர்.

ஒரு நாட்டின் போலீஸ் தலைவர் ஓய்வுபெற்றதும் இன்னொரு நாட்டின் அதிபருக்கு ஆலோசகராகப் போகிறார். சில பேர் தனியார் நிறுவனங்களுக்குப் போகிறார்கள், சில பேர் சொந்தமாகவே ஆலோசனை நிறுவனம் தொடங்குகிறார்கள். உலகம் முழுக்க நடக்கிற விஷயம்தான் இது. ஆனால் அப்படிப் போகிறவர் சரியாக எதை விற்கிறார், வாங்குகிறவருக்கு உண்மையில் என்ன கிடைக்கிறது என்பதை யாரும் நிதானமாக விளக்குவதில்லை. நரன்ஹோவின் வாழ்க்கை அதைப் புரிந்துகொள்ள மிகப் பொருத்தமானது. அவர் இந்தத் தொழிலின் சிறந்த உதாரணங்களில் ஒருவர். அவராலேயே எது முடிந்தது, எது முடியவில்லை என்று பார்த்தால் தொழிலின் எல்லை தெரிந்துவிடும்.

முதலில் ஓர் அடிப்படை. கொலம்பியாவில் போலீஸ் என்றால் ஒன்றே ஒன்றுதான். மாகாணத்துக்கு ஒன்று, நகரத்துக்கு ஒன்று என்று தனித்தனிப் படைகள் கிடையாது. 1940களின் இறுதியிலும் 50களிலும் அங்கே லிபரல், கன்சர்வேடிவ் கட்சிக்காரர்கள் ஒருவரையொருவர் வெட்டிக்கொண்ட காலத்தில், உள்ளூர்ப் போலீஸ் கட்சியின் கைத்தடியாக மாறி அந்தக் கொலைகளில் பங்கேற்றது. அந்தக் கசப்பான அனுபவத்துக்குப் பிறகு காவல்துறையைத் தலைநகரின் கட்டுப்பாட்டுக்குக் கொண்டுவந்து, இராணுவத்தைக் கவனிக்கும் அமைச்சகத்தின் கீழ் வைத்தார்கள். இன்றைக்கும் அது பாதுகாப்பு அமைச்சகத்தின் கீழ்தான் இருக்கிறது. நரன்ஹோ தலைவராக இருந்தபோது ஒன்றரை இலட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் அந்தப் படையில் இருந்தார்கள். பொகோத்தாவில் ஒருவர் கையெழுத்துப் போட்டால் அமேசான் ஓரத்துச் சிற்றூர்க் காவல் நிலையம்வரை அது செல்லுபடியாகும். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

நரன்ஹோ 1956இல் பொகோத்தாவில் பிறந்தவர். அப்பாவும் போலீஸ் ஜெனரல், அதே படையின் தலைவராக இருந்தவர். மகன் முதலில் இதழியல், தகவல் தொடர்பு படிக்கப் போய், அப்புறம் பாதி வழியில் போலீஸ் பயிற்சிப் பள்ளியில் சேர்ந்தார். அங்கிருந்து அவர் வளர்ந்தது உளவுப் பிரிவில்.

எண்பதுகளின் இறுதியில் கொலம்பியப் போலீசின் நிலை பரிதாபமானது. மெதயீன் நகரில் போதைப்பொருள் கும்பல் தலைவர் பாப்லோ எஸ்கோபார், கொல்லப்படும் ஒவ்வொரு போலீஸ்காரருக்கும் விலை வைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். நூற்றுக்கணக்கான போலீஸ்காரர்கள் அப்படிச் செத்தார்கள். இன்னொரு பக்கம், அதே படையில் கார்டெல் எனப்படும் போதைப்பொருள் கும்பலிடம் மாதச் சம்பளம் வாங்கியவர்களும் நிறைய. 1993இல் காவல்துறைச் சீர்திருத்தச் சட்டம் வந்தது. அந்த ஆண்டு டிசம்பர் 2ஆம் தேதி எஸ்கோபார் சுட்டுக் கொல்லப்பட்டார். பின்னர் காவல்துறைத் தலைவரான ரோஸோ ஹோசே செர்ரானோ ஆயிரக்கணக்கான போலீஸ்காரர்களை வேலையை விட்டு அனுப்பினார். 1995இல் 'காலி' நகரக் கார்டெலின் ரோத்ரிகெஸ் ஒரெஹுவேலா சகோதரர்கள் இருவரும் பிடிபட்டார்கள். இந்த வேட்டைகளில் பின்னணியில் வேலை செய்த உளவு அதிகாரிகளில் நரன்ஹோவும் ஒருவர்.

இதிலிருந்து அந்தத் தலைமுறை அதிகாரிகள் கற்றுக்கொண்ட பாடம் எளிமையானது. துப்பாக்கியைவிடத் தகவல் முக்கியம். தொலைபேசி ஒட்டுக்கேட்பு, உள்ளே இருக்கும் ஆளின் வாய்மொழி, பணம் போகும் பாதை, குடும்பத்தினரின் நடமாட்டம் எல்லாவற்றையும் ஒரே மேசையில் சேர்த்துப் பார்க்க வேண்டும். அதைப் பார்க்கிற அதிகாரிகள் குறைவாக, திரும்பத் திரும்பச் சோதிக்கப்பட்டவர்களாக இருக்க வேண்டும். இந்தச் சோதனையில் பொய்யறியும் கருவியும் உண்டு. அமெரிக்காவின் போதைப்பொருள் தடுப்பு அமைப்பு தன் தகவல்களைக் கொடுக்க இப்படிச் சோதிக்கப்பட்ட சிறு குழுக்களைத்தான் நம்பியது. பிற்பாடு நரன்ஹோ மெக்சிகோவுக்குக் கொண்டுபோன சரக்கின் பெரும்பகுதி இதுதான்.

2007 மே மாதம் ஒட்டுக்கேட்பு ஊழல் ஒன்று வெடித்து, அப்போதைய தலைவர் பதவியிழந்தார். அதிபர் அல்வாரோ உரிபே, மூத்த ஜெனரல்கள் பலரைத் தாண்டி நரன்ஹோவைத் தலைவராக்கினார். தாண்டப்பட்டவர்கள் ஓய்வில் போனார்கள். அடுத்த அதிபர் ஹுவான் மானுவேல் சாந்தோஸும் அவரையே தொடர வைத்தார். ஐந்து ஆண்டுப் பதவிக்காலத்தில் போதைக் கும்பல் தலைவர் 'தோன் மாரியோ' 2009இல் பிடிபட்டார். ஃபார்க் கிளர்ச்சிப்படையின் இராணுவத் தளபதி மோனோ ஹொஹோய் 2010 செப்டம்பரில் வான்தாக்குதலில் கொல்லப்பட்டார், அதற்கான உளவில் போலீசுக்கு முக்கியப் பங்கு இருந்தது. நகரங்களைச் சிறு வட்டாரங்களாகப் பிரித்து, ஒவ்வொரு வட்டாரத்துக்கும் குறிப்பிட்ட போலீஸ்காரர்களைப் பொறுப்பாக்கும் 'குவாத்ராந்தே' திட்டம் 2010இல் பெரிய நகரங்களில் தொடங்கியது. பேப்பரில் வராத இந்தக் கடைசி விஷயம்தான் என் கணக்கில் அவருடைய பெரிய வேலை.

எண்களையும் சொல்ல வேண்டும். 2000இல் கொலம்பியாவில் 3,500க்கும் மேற்பட்டவர்கள் கடத்தப்பட்டார்கள். 2011இல் அது சுமார் 300. கொலைகள் 2002இல் 28,000ஐத் தாண்டின, 2011இல் ஏறத்தாழ 16,000. இந்த வீழ்ச்சி முழுவதும் போலீசின் சாதனை அல்ல. வலதுசாரித் துணைப்படைகள் (ஃபார்க்கை எதிர்த்த தனியார் ஆயுதக் குழுக்கள்) ஆயுதத்தைக் கீழே வைத்தது, இராணுவம் பெருகியது, 'கொலம்பியத் திட்டம்' வழியாக அமெரிக்கா பல நூறு கோடி டாலர்களைக் கொட்டியது, எல்லாம் சேர்ந்த விளைவு. ஆனால் ஆலோசகராகும்போது ஒருவருடைய பெயரோடு இந்த எண் முழுவதும் ஒட்டிக்கொள்ளும். இந்தத் தொழிலில் முதலில் கவனிக்க வேண்டிய இடம் இதுதான்.

கறைகளும் உண்டு. 2011 ஆகஸ்டில் பொகோத்தாவில் சுவரோவியம் வரைந்துகொண்டிருந்த 16 வயதுப் பையனைப் போலீஸ்காரர் ஒருவர் முதுகில் சுட்டுக் கொன்றார். பிறகு அவன் பக்கத்தில் துப்பாக்கி ஒன்றை வைத்து, பேருந்தில் கொள்ளையடித்தவன் என்று கதை கட்டினார்கள். பெற்றோர் விடாமல் போராடித்தான் உண்மை வெளியே வந்தது. நரன்ஹோ தலைவராக இருந்த காலத்தில் நடந்தது இது. உளவில் உலகத்தரம் என்று பேர் வாங்கிய ஒரு படையின் சாதாரணத் தெருவோரக் காவல் எப்படி இருந்தது என்பதையும் சேர்த்துத்தான் எடைபோட வேண்டும்.

ஆலோசகர் என்றால் என்ன வேலை?

பாதுகாப்பு ஆலோசகர் துப்பாக்கி தூக்குவதில்லை, யாரையும் கைது செய்வதில்லை, யாருக்கும் உத்தரவு போட முடியாது. அரசு அழைத்தால் இருக்கும் படையை ஆராய்ந்து குறைகளை எழுதிக் கொடுப்பார். புதிய பிரிவு எப்படி அமைப்பது, ஆட்களை எப்படித் தேர்ந்தெடுப்பது, எப்படிப் பயிற்சி கொடுப்பது, மற்ற நாட்டு உளவு அமைப்புகளோடு தகவலை எப்படிப் பகிர்வது என்று திட்டம் வகுப்பார். தனியார் அழைத்தால் வேலை வேறு மாதிரி. எண்ணெய்க் குழாயை எப்படிக் காப்பது, ஊழியர் கடத்தப்பட்டால் யார் பேரம் பேசுவது, கூட்டுச் சேரப்போகிற உள்ளூர்த் தொழிலதிபரின் பணம் எங்கிருந்து வருகிறது என்பது போன்ற கேள்விகள்.

இதற்கெல்லாம் பணம் கொடுக்கிறவர் வாங்குவது மூன்று விஷயம். ஒன்று அனுபவ அறிவு. இரண்டாவது தொடர்புகள், அதாவது யாரைத் தொலைபேசியில் கூப்பிட்டால் எடுப்பார் என்பது. மூன்றாவது பெயர். மூன்றாவதைப் பலரும் குறைவாக மதிப்பிடுகிறார்கள். பெனியா நியெத்தோவின் கட்சி மெக்சிகோவை 71 ஆண்டுகள் ஆண்டபோது கார்டெல்களோடு கண்டும் காணாமலும் இருந்தது என்ற சந்தேகம் எங்கும் இருந்தது. அது திரும்ப ஆட்சிக்கு வந்தால் பழைய ஏற்பாடும் திரும்புமோ என்று வாஷிங்டனில் கவலை. அமெரிக்கர்கள் நம்பிய ஒரு போலீஸ் ஜெனரலைப் பக்கத்தில் நிறுத்தியதே அந்தக் கவலைக்குப் பதில். ஆலோசனை ஒரு வரிகூட எழுதப்படுவதற்கு முன்பே, நரன்ஹோவின் பெயர் தன் வேலையைச் செய்துவிட்டது.

வெறும் பெயரை மட்டும் வாங்கினால் என்ன ஆகும் என்பதற்கும் மெக்சிகோவே சாட்சி. 2002இல் மெக்சிகோ நகரம், நியூயார்க் முன்னாள் மேயர் ரூடி ஜூலியானியின் ஆலோசனை நிறுவனத்தை அமர்த்தியது. கட்டணம் 43 இலட்சம் டாலர். கார்லோஸ் ஸ்லிம் உள்ளிட்ட தொழிலதிபர்கள் அந்தப் பணத்தைக் கொடுத்தார்கள். ஜூலியானி பலத்த காவலோடு வந்து நகரத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டுப் போனார். 2003இல் 146 பரிந்துரைகள் வந்தன. அந்தப் போக்கில் 2004இல் வந்த நகரச் சட்டம், சிக்னலில் கார் கண்ணாடி துடைக்கிறவர்கள்மேலும் தெருவில் வண்டி நிறுத்த இடம் பிடித்துக் கொடுத்துக் காசு கேட்கிறவர்கள்மேலும் பாய்ந்தது. அந்த நகரத்து மக்கள் அஞ்சியதோ ஆள்கடத்தலுக்கும், அதில் பங்கு வாங்கும் போலீசுக்கும். நியூயார்க்கின் கேள்விக்கு எழுதிய விடையை மெக்சிகோவுக்குக் கொடுத்தார்கள் என்றே நான் நினைக்கிறேன்.

மெக்சிகோவில் நரன்ஹோ

நரன்ஹோ அப்படிப்பட்டவர் அல்ல. கார்டெல், கடத்தல், விலைபோன போலீஸ் எல்லாம் அவர் வாழ்ந்து பார்த்தவை. ஆள்கடத்தலைக் கையாள கொலம்பியா உருவாக்கிய 'காவுலா' என்ற சிறப்புக் குழுக்களின் வழிமுறையை மற்ற இலத்தீன் அமெரிக்க நாட்டுப் போலீஸ்காரர்கள் ஏற்கெனவே வந்து கற்றுக்கொண்டிருந்தார்கள். மொழி ஒன்று, பிரச்சினையும் ஏறத்தாழ ஒன்று. இதைவிடப் பொருத்தமான ஆலோசகர் கிடைப்பது கடினம்.

ஆனாலும் முட்டுக்கட்டை முதல் நாளே தொடங்கியது. மெக்சிகோ அரசமைப்புச் சட்டத்தின் 32ஆவது பிரிவு, அமைதிக் காலத்தில் வெளிநாட்டவர் யாரும் இராணுவத்திலோ போலீசிலோ பணியாற்றக் கூடாது என்கிறது. ஆகவே அவருக்குப் பதவி கிடையாது, படை கிடையாது, உத்தரவு அதிகாரம் கிடையாது. மோன்தெர்ரே தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்த ஓர் ஆய்வு நிறுவனத்திலிருந்துதான் அவர் இயங்கினார்.

இப்போது, மனதில் வைத்துக்கொள்ளச் சொன்னதை எடுங்கள். கொலம்பியாவில் போலீஸ் ஒன்று. மெக்சிகோவில் அப்போது கூட்டாட்சிப் போலீஸ் தனி, 31 மாநிலங்களுக்கும் தலைநகருக்கும் தனித்தனிப் போலீஸ், அதற்கும் கீழே ஏறத்தாழ 2,400 நகராட்சிகளில் பெரும்பாலானவற்றுக்குச் சொந்தப் போலீஸ். ஆளுநர் ஒரு கட்சி, மேயர் இன்னொரு கட்சி. சிற்றூர்ப் போலீஸ்காரரின் சம்பளம் கார்டெல் ஒரு வாரத்தில் கொடுக்கிற காசுக்குப் பக்கத்தில் வராது. செர்ரானோ ஒரு கையெழுத்தில் ஆயிரக்கணக்கானவர்களை வீட்டுக்கு அனுப்பினாரே, அப்படி அனுப்பக்கூடிய ஒரே நாற்காலி மெக்சிகோவில் இல்லை. எந்த மாவை எவ்வளவு புளிக்க வைப்பது என்று தெரிந்த சமையல்காரரை அழைத்து வந்து, அடுப்பைத் தொடக் கூடாது என்றால் அவர் என்னதான் செய்வார்?

2013இல் மிச்சோவக்கான் மாநிலத்தில் விவசாயிகளும் எலுமிச்சை வியாபாரிகளும் 'கபயேரோஸ் தெம்ப்லாரியோஸ்' கும்பலின் கப்பத்தைத் தாங்க முடியாமல் துப்பாக்கி ஏந்தித் தற்காப்புப் படைகள் அமைத்தார்கள். இந்தப் படைகளுக்குப் பின்னால் நரன்ஹோதான் இருக்கிறார், கொலம்பியத் துணைப்படைகளைப் போலவே உருவாக்குகிறார் என்று பேச்சு கிளம்பியது. அவர் மறுத்தார். அதிகாரம் இல்லாத வெளிநாட்டு ஆலோசகருக்கு வரும் தனிச் சங்கடம் இது. செய்ய முடிவது கொஞ்சம், பழி மட்டும் முழுசாக வந்து விழும். 2014 தொடக்கத்தில் அவர் கொலம்பியாவுக்குத் திரும்பினார்.

மெக்சிகோவின் கொலை எண்ணிக்கை 2011இல் 27,000ஐத் தாண்டி இருந்தது, 2014இல் சுமார் 20,000. பிறகு ஏறத் தொடங்கி 2018இல் 36,000ஐத் தாண்டியது. முதல் இறக்கத்துக்கு நரன்ஹோவைப் பாராட்டுவதும் தவறு, பின் ஏற்றத்துக்கு அவரைத் திட்டுவதும் தவறு. ஆலோசனையின் விளைவைத் தனியாகப் பிரித்து அளக்க முடியாது என்பதே உண்மை. இதனால்தான் இந்தச் சந்தையில் நல்ல ஆலோசகரும் மோசமான ஆலோசகரும் ஒரே விலைக்குப் போகிறார்கள்.

நம்பிக்கையை யார் சோதிப்பது?

நரன்ஹோ மெக்சிகோவுக்குள் நுழைந்த அதே 2012இன் இறுதியில், மெக்சிகோவிலிருந்து ஒருவர் வெளியேறினார். பெயர் ஹெனாரோ கார்சியா லூனா. கூட்டாட்சிப் புலனாய்வு அமைப்பின் தலைவராக இருந்து, 2006 முதல் 2012 வரை பொதுப் பாதுகாப்பு அமைச்சராக நாட்டின் போதைப்பொருள் போரை நடத்தியவர். அமெரிக்க அதிகாரிகள் அவரோடு கை குலுக்கினார்கள், படம் எடுத்துக்கொண்டார்கள், தகவல் பகிர்ந்தார்கள். பதவி முடிந்ததும் மயாமியில் குடியேறி, பாதுகாப்பு ஆலோசனை நிறுவனம் நடத்தினார். வெளியிலிருந்து பார்த்தால் நரன்ஹோவின் வாழ்க்கைக்கும் இவருடையதற்கும் வித்தியாசம் கண்டுபிடிக்க முடியாது. அதே அனுபவம், அதே தொடர்புகள், அதே பெயர்.

2019 டிசம்பரில் டல்லஸ் நகரில் அவர் கைதானார். பதவியில் இருந்த காலம் முழுவதும் சினலோவா கார்டெலிடம் கோடிக்கணக்கில் இலஞ்சம் வாங்கிக்கொண்டு சரக்குக்கு வழிவிட்டார் என்பது வழக்கு. 2023 பிப்ரவரியில் நியூயார்க் நீதிமன்ற ஜூரி அவரைக் குற்றவாளி என்றது. 2024 அக்டோபரில் 38 ஆண்டுகளுக்கும் மேல் சிறைத்தண்டனை. ஏழு ஆண்டுகள் அவர் மதிப்புள்ள முன்னாள் அதிகாரியாக வெளியில் நடமாடியிருக்கிறார்.

என்னை மிகவும் தொந்தரவு செய்வது இதுதான். ஆலோசகர் விற்கிற மூன்றில் அறிவைச் சோதிக்கலாம், தொடர்பைச் சோதிக்கலாம். பெயரைச் சோதிக்க வழியே இல்லை, ஏனென்றால் அந்தப் பெயரை உருவாக்கிய வேலை முழுக்க இரகசியம். உளவு அதிகாரியின் கோப்புகள் பொதுமக்கள் பார்வைக்கு வராது. அவருடைய வெற்றிகள் மட்டும் பத்திரிகையாளர் சந்திப்பில் காட்டப்படும். தோல்விகளும் சமரசங்களும் அலமாரிக்குள் தூங்கும். அதனால் பதவி முடிந்த கையோடு வெளிநாட்டுக்கோ தனியாருக்கோ போகிற அதிகாரிக்கு ஒரு கட்டாய இடைவெளி வேண்டும், யாரிடம் எவ்வளவு வாங்குகிறார் என்பது பகிரங்கமாக வேண்டும் என்று கேட்பது அதிகப்படி அல்ல. பதவியில் இருக்கும்போதே நாளைய வாடிக்கையாளரை மனதில் வைத்து முடிவெடுக்கும் ஆபத்தும் இதில் அடங்கும்.

இனி ஏதோ ஒரு நாடு ஏதோ ஒரு முன்னாள் போலீஸ் தலைவரை ஆலோசகராக அமர்த்தியது என்று செய்தி படித்தால், அவர் எத்தனை கும்பல் தலைவர்களைப் பிடித்தார் என்பதைத் தாண்டிப் பாருங்கள். அவர் சொல்வதைச் செய்யக்கூடிய அதிகாரம் அங்கே யார் கையில் இருக்கிறது? அந்த ஆளுக்கு அதைச் செய்ய விருப்பம் இருக்கிறதா? ஆலோசகரின் பழைய வெற்றி எந்த அமைப்பின் தோளில் நின்று கிடைத்தது, அந்த அமைப்பு இங்கே இருக்கிறதா? இந்தக் கேள்விகளுக்கு விடை இல்லாத நியமனம் பெரும்பாலும் விளம்பரம்தான்.

நரன்ஹோவின் கதையில் இன்னொரு அத்தியாயம் இருக்கிறது. மெக்சிகோ ஆலோசகராக இருந்தபோதே, அதிபர் சாந்தோஸ் அவரை ஃபார்க்குடன் ஹவானாவில் நடந்த அமைதிப் பேச்சில் அரசுத் தரப்புப் பிரதிநிதிகளில் ஒருவராக்கியிருந்தார். ஓய்வுபெற்ற இராணுவ ஜெனரல் ஹோர்ஹே என்ரிக்கே மோராவும் அந்தக் குழுவில் இருந்தார். மோனோ ஹொஹோயின் தோழர்கள் மேசைக்கு எதிர்ப்புறம், அவரைத் தேடிக் கண்டுபிடித்த போலீசின் தலைவர் இந்தப் புறம். எதிரியின் பேச்சு முறை, கட்டளை அமைப்பு, பயம் எல்லாவற்றையும் ஆண்டுக்கணக்கில் ஒட்டுக்கேட்டுத் தெரிந்து வைத்திருந்தவருக்கு, ஆயுதத்தைக் கீழே வைத்தால் தங்களைக் கொன்றுவிடுவார்கள் என்ற அவர்களின் அச்சம் நாடகம் அல்ல என்பதும் தெரிந்திருந்தது. 80களிலும் 90களிலும் தேர்தல் பாதைக்கு வந்த ஃபார்க் சார்புக் கட்சியான 'யூனியோன் பத்ரியோத்திக்கா'வின் ஆட்கள் ஆயிரக்கணக்கில் கொல்லப்பட்டதை அந்தத் தலைமுறைப் போலீஸ் அதிகாரிகள் கண்ணால் பார்த்தவர்கள்.

2016 அக்டோபர் 2இல் பொதுவாக்கெடுப்பில் ஒப்பந்தம் நூலிழையில் தோற்றது. திருத்திய ஒப்பந்தம் நவம்பர் 24இல் பொகோத்தாவில் கையெழுத்தானது. 2017 மார்ச் இறுதியில் நரன்ஹோ துணை அதிபரானார். அந்த ஜூன் மாதம் ஃபார்க் தன் ஏழாயிரம் அளவிலான துப்பாக்கிகளை ஐ.நா. கண்காணிப்பாளர்களிடம் ஒப்படைத்து முடித்தது. மெக்சிகோவில் அவர் அறிவுரை மட்டுமே சொல்ல முடிந்தவர். ஹவானாவில் அவர் தன் அரசின் சார்பில் பேசி முடிவெடுக்கும் முழு அதிகாரம் பெற்ற பிரதிநிதி. 2018 ஆகஸ்ட் 7இல் ஆட்சி மாறியபோது அவர் பதவிக்காலமும் முடிந்தது.